என் முறைப்பாட்டில் நான் எழுதாத சத்தம்

மட்டக்களப்பில் எங்கள் தெருவின் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்று எழுத்தில் கேட்ட முதல் ஆள் நான்தான். அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தெருவில் பலர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் சொல்கிறார்கள்.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றத் தீர்ப்பு, பொலிஸ் அறிக்கை என்று சனங்கள் கொண்டுவரும் கடதாசிகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி, அடியில் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது என் தொழில். வாவிக்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னறைதான் அலுவலகம். யன்னல் தெருவைப் பார்த்திருக்கும். தெரு ஒடுக்கமானது. எதிரே மூன்று வருடங்களுக்கு முன் காத்தான்குடிக்காரர் ஒருவர் அலுமினியக் கதவு, யன்னல் செய்யும் கடை திறந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டாரில் பல வருடங்கள் அதே வேலை செய்துவிட்டு வந்தவர். அவருடைய கடையில் அலுமினியம் அறுக்கும் கட்டர் ஒன்று உண்டு. அது ஓடும்போது பல்லின் வேர் கூசும்.

எங்கள் தெருவில் வேறு சத்தம் இல்லையென்று நினைக்க வேண்டாம். காலையும் பின்னேரமும் பாண்கார ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பின்னால் மீன்காரரின் ஹோர்ன். லொத்தர் விற்கும் வாகனம் நாங்கள் எல்லாரும் அதிர்ஷ்டத்தைத் தவறவிடுவதாகக் கத்திக்கொண்டு போகும். மாதா கோயில் மணி, திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி, தூரத்தில் பள்ளிவாசலின் பாங்கு. இவற்றில் எதைப் பற்றியும் நான் ஒரு வரி எழுதவில்லை. கடவுள்மாருக்கு எதிராக எழுத எனக்குத் துணிவில்லை. பாண்காரரைப் பகைத்தால் காலைச் சாப்பாடு போய்விடும். எதிர்க்கடைக்காரரோ பக்கத்து ஊர் ஆள், தனி ஆள், என்னைக் கண்டால் எழுந்து நின்று கதைக்கிற ஆள். என் வீரத்துக்கு அவர்தான் அளவாக இருந்தார்.

முதலில் தொலைபேசியில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றைப் பதிந்தேன். பிறகு ஒரு கொப்பி வாங்கி, கட்டர் ஓடத் தொடங்கும் நேரம், நிற்கும் நேரம், செயலி காட்டிய டெசிபெல் என்று கோடு போட்டுக் குறித்தேன். ஒரு மாதத்துக்குள் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. நான் காலை பத்து மணியளவில் வேலைக்கு உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்குள் கட்டர் தொடங்கிவிடும். நான் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனால் நின்றுவிடும். திரும்ப வந்து உட்கார்ந்தால் திரும்பத் தொடங்கும். இதைத் தற்செயல் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது.

முறைப்பாட்டை மூன்று நாள் இருந்து எழுதினேன். தொழிலின் பழக்கம், 'மேற்படி', 'இத்தால்', 'மிகுந்த மனவருத்தத்துடன்' எல்லாம் தாராளமாக வந்து விழுந்தன. இரண்டாம் பக்கத்தில், இந்த இயந்திரத்தின் ஓசையால், ஊருக்கே பேர்போன வாவியின் பாடும் மீன்களே பாடுவதை நிறுத்திவிட்டன என்று ஒரு வசனம் சேர்த்தேன். அதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஆசிரியையான மனைவி பாடசாலையிலிருந்து வந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்க, இத எதிர்க்கடைக்கும் அனுப்பப் போறீங்களா?"

பிரதி அனுப்பத் தேவையில்லை என்றேன்.

"ஓம், தேவையில்லத்தான். அவருக்கு இப்ப முழுக்கக் கேட்டிருக்கும்."

அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து கையெழுத்துச் சேர்க்கப் போனேன். தெருவே என் பின்னால் திரளும் என்ற நம்பிக்கை இருந்தது. முதல் வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் கண்ணாடியைக் காணவில்லை என்றார். கண்ணாடி அவருடைய நெற்றியில் இருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் மாத்திரம் கையெழுத்து வைத்தார். மறுநாள் காலையில் வந்து, யோசித்துப் பார்த்தேன், அதை வெட்டிவிடுங்கள் என்று கேட்டு, தானே வெட்டிவிட்டுப் போனார்.

நான் நிச்சயமாக நம்பியிருந்தது மூலை வீட்டு மிஸி அக்காவை. ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவர். எந்த வார்டிலும் ஒருவரும் சத்தம்போட விடாதவர் என்று பெயர். அவர் முறைப்பாட்டை ஆறுதலாக முழுவதும் வாசித்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார்.

"அந்தச் சத்தம் எனக்குக் கரைச்சலில்ல தம்பி. அது இரிக்கட்டும்."

வயதாகிவிட்டது, பாவம், காது மந்தமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு படியிறங்கினேன்.

கடைசியில் என்னுடைய ஒரே கையெழுத்துடன் முறைப்பாடு சுற்றாடல் அலுவலகத்துக்குப் போனது. சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை உத்தியோகத்தர் ஒருவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மண்டூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். முக்காலியில் சத்தமானியைப் பூட்டி, எங்கள் முற்றத்தில் யன்னலுக்கு முன் வைத்தார். நான் கொப்பியை விரித்து, என் செயலியைக் காட்டி, டெசிபெல் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் அதையே படித்துப் பட்டம் வாங்கியவர் என்பது பாதி விளக்கத்தில் தெரியவந்தது. அதனால் நான் நிறுத்தினேன் என்றில்லை.

முதலில் பின்னணிச் சத்தம் எடுக்க வேண்டும் என்றார். அதாவது கடையின் கட்டரை நிற்பாட்டிவிட்டு, தெரு சாதாரணமாக எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று பார்ப்பது. கடைக்காரர் உடனே நிற்பாட்டினார். ஆனால் கருவி அமைதியாகவில்லை. எங்கள் தண்ணி மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்டினேன். பிறகு என் அலுவலகத்துக் காற்றாடி. அது கடகடப்பதை அன்றுதான் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அதையும் நிற்பாட்டினேன். இப்போது சரியாக இருக்குமே என்று சொன்னேன். சேர், கொஞ்சம் பேசாம இருங்க, என்றார் பிள்ளை. மன்னிக்க வேண்டும், இனிமேல் பேசமாட்டேன் என்றேன். அதற்கும் கருவி ஒருமுறை துள்ளியது.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர், தன் காணி உறுதி முடிந்துவிட்டதா என்று கேட்டார். நாகரிகம் கருதி இரண்டடி தள்ளி நின்று பதில் சொன்னேன்.

எல்லாம் முடிந்து, கட்டரையும் ஓடவிட்டு அளந்த பிறகு, உத்தியோகத்தர் அளவுகளைக் குறித்த பேப்பரை மேலும் கீழும் பார்த்தார். என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"கட்டர் எல்லைக்கு மேலதான் சேர். அதுக்கு நடவடிக்கை எடுக்கணும்."

நான் எதிர்க்கடையைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினேன்.

"ஆனா ஆகக் கூடினது அது இல்ல."

மோட்டரா என்று கேட்டேன். மோட்டரும் இல்லை என்றார். பேப்பரில் ஒரு நேரத்தைத் தொட்டுக் காட்டினார். நான் களுவாஞ்சிக்குடிக்குப் பதில் சொன்ன நேரம் அது. தொலைபேசி இல்லாமலே அந்த ஊருக்குக் கேட்டிருக்கும் போல.

பிள்ளை சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, மரியாதையுடன் என் முகத்தைப் பார்த்து, காதை எப்போதாவது டொக்டரிடம் காட்டியதுண்டா என்று கேட்டார். பேச்சை மாற்றுவதற்காகக் கொப்பியைத் தூக்கிப் பிடித்தேன். கட்டர் ஓடுவது வேலைக்காக அல்ல, என்னைக் குழப்புவதற்காகத்தான், இதோ ஆதாரம் என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டு, சேர் வேலை தொடங்கும் நேரமும் நீங்கள் கட்டர் போடும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கிறது, என்ன காரணம் என்று கேட்டார்.

கடைக்காரர் கையிலிருந்த அலுமினியத் தூளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "அத விடுங்க மிஸ்" என்றார். நான் விடவில்லை. சொல்லட்டும், ஏன் சொல்லமாட்டார் என்று வற்புறுத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல், கருவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சேர் சத்தமா வாசிக்கிற மிஸ். கோட்டுக் கடதாசி, கலியாணம் முறிஞ்ச கடதாசி, எல்லாம். றோட்டால போற ஆக்கள் நிண்டு கேக்காங்க. அது ஒவ்வொரு குடும்பத்து விசயம்தானே. அதான் சேர் வாசிக்கத் துவங்கினா நான் கட்டரப் போடுற. தகடு இல்லாட்டியும் சும்மா ஓட விடுற."

நான் எழுதியதை வாய்விட்டு வாசித்துத்தான் சரிபார்ப்பேன். இருபத்தைந்து வருடப் பழக்கம். மூலத்தை ஒருமுறை, மொழிபெயர்ப்பை ஒருமுறை, சந்தேகமென்றால் இன்னொருமுறை. முணுமுணுப்பாக வாசிப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த முற்றத்தில் நின்றபடி, நான் அந்த வருடத்தில் வாசித்தவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தகப்பன் பெயர் இல்லாத ஒரு பிறப்புச் சான்றிதழ். சகோதரர்கள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் போட்ட வழக்கு. ஒரு பெண் பொலிஸில் கொடுத்த வாக்குமூலம், அடித்த இடங்களின் பட்டியலுடன். அந்தரங்கம் காப்பேன் என்று என் விளம்பரப் பலகையிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். பலகை யன்னலுக்கு நேர் மேலே தொங்குகிறது. உத்தியோகத்தர் குனிந்து பேப்பரில் ஏதோ எழுதினார். எழுத ஒன்றும் இருந்திருக்காது. நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் தந்தார் என்று நினைக்கிறேன்.

முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். இலக்கம் போட்டாகிவிட்டது, எடுக்க ஏலாது என்றார். போகும்போது ஸ்கூட்டியில் ஏறி இருந்துகொண்டு, மீன்கள் பாடுவதைச் சேர் கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று விசாரித்தார். ஒருநாளும் கேட்டதில்லை என்று ஒத்துக்கொண்டேன். இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பத்தெட்டு வருடமாகிறது.

பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பகலில் பாடசாலையில் இருப்பவள். நான் உரத்துப் பேசுவது அவளுக்குத் தெரியும். கடதாசிகளை உரத்து வாசிப்பது தெரியாது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மிஸி அக்காட மகளின்ட கடதாசியையும் வாசிச்சீங்களா?"

அது ஒரு விவாகரத்துத் தீர்ப்பு. அந்தப் பிள்ளை வெளிநாடு போவதற்காக ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். காரணங்களெல்லாம் விபரமாக எழுதிய, ஏழு பக்கத் தீர்ப்பு.

"மூண்டு தரம்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் நான் மூலைப் பக்கம் போகவில்லை. சாமான் வாங்கக்கூட மறுபக்கத்தால் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் போனேன். மிஸி அக்கா முற்றத்தில் செவ்விளநீர்க் கன்றுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. வாளியை வைத்துவிட்டு, நான் இருக்க வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்பதற்கென்று வீட்டில் தயார்செய்த வசனங்கள் எல்லாம் 'மேற்படி', 'இத்தால்' என்றே வந்தன. பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்தான் பேசினார்.

"அண்டைக்கு நீங்க வாசிக்கத் துவங்கக்குள்ள நான் கேற்றடியில நிண்டன். மகள் உள்ளுக்கு. ரெண்டு பேர் சைக்கிள நிப்பாட்டிப்போட்டுக் கேக்காங்க. அந்தத் தம்பி கடையால வெளிய வந்தார். என்னப் பாத்தார். ஒண்டும் கதைக்கல்ல. உள்ள போய் மெசினப் போட்டவர்தான், பகல் வரைக்கும் நிப்பாட்டல்ல."

என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்கும் வெக்கம், எங்களுக்கும் வெக்கம். மெசினுக்கு வெக்கமில்லத்தானே."

மகள் போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று விசாரித்தேன். போய்விட்டாள், நல்லா இருக்கிறாள், வேலையும் கிடைத்துவிட்டது என்றார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லையாம், அங்கே உடனே ஏற்றுக்கொண்டார்களாம். அதைச் சொன்னபோது அவர் என்னைக் குத்திப் பேசுகிறாரா, தேற்றுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய முகத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது. எழும்பும்போது, உங்களுக்குக் காது குறைந்து கனகாலம், தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். யாரிடம் போக வேண்டும், எந்த நாளில் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியும் தந்தார்.

காது பரிசோதிக்கும் அறை ஒரு பெரிய பெட்டி. உள்ளே இருந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். நான் கேட்டதற்கெல்லாம் அமத்தினேன். கேட்காதபோதும் ஓர் ஊகத்தில் அமத்தினேன், பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதிவைக்கிறதுபோல. பரிசோதித்தவர் வெளியே வந்து, ஐயா, நான் சத்தமே குடுக்காத நேரத்திலயும் அமத்திறீங்க என்றார். இரண்டாம் முறை நேர்மையாக அமத்தினேன். இரு காதிலும் குறைபாடு, உயர்ந்த ஓசைகள் சரியாக விழுவதில்லை என்று முடிவு வந்தது. கட்டரின் கூர்மையான பாதியை நான் கேட்டதேயில்லையாம். கேட்டிருந்தால் இன்னும் எத்தனை பக்கம் எழுதியிருப்பேனோ.

காதுக் கருவி போட்ட முதல் நாள், வீட்டில் யாரோ அதட்டிப் பேசுவதுபோல் இருந்தது. நான்தான் தண்ணி கேட்டிருக்கிறேன். பிஸ்கட் கடித்தபோது ஓடு உடைவதுபோல் கேட்டது. மனைவி அறைக்குள் நடந்தபடி தனக்குத்தானே பேசுவாள் என்பதும், அதில் பெரும்பகுதி என்னைப் பற்றியது என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது.

சுற்றாடல் அலுவலகத்திலிருந்து கடிதம் இரண்டு பேருக்கும் வந்தது. கடைக்காரர் கட்டரைப் பின்னறைக்கு மாற்ற வேண்டும், அடியில் தடித்த றப்பர் போட வேண்டும், இன்ன நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்றிருந்தது. முறைப்பாட்டாளர் தன் மோட்டருக்கு ஒரு கூடு கட்டவும், தொழில் நேரத்தில் தெரு யன்னலை மூடி வைக்கவும் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார். கடைக்காரர் தனக்குச் சொன்னதை எல்லாம் ஒரு கிழமைக்குள் செய்துவிட்டார். நான் யன்னலை மூடிவிட்டு இரண்டு நாள் வியர்த்து வழிந்தேன். மூன்றாம் நாள் அவரே அளவுநாடாவுடன் வந்து நின்றார். இரட்டைக் கண்ணாடி வைத்து ஒரு யன்னல் செய்து தருவதாகவும், காற்றுக்குப் பின்பக்கமாக வழி விடலாம் என்றும், கட்டாரில் விமான நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளுக்கு அப்படித்தான் செய்ததாகவும் சொன்னார்.

யன்னல் பூட்டி முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் உள்ளே இருந்து வாசிக்க வேண்டும், அவர் தெருவில் நின்று கேட்பார். மேசையில் வேறு கடதாசி எதுவும் கைக்கு எட்டவில்லை. கைக்கு வந்ததை எடுத்துப் பழையபடி உரத்து வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை விரித்து ஒன்றும் கேட்கவில்லை என்று காட்டினார். உள்ளே வந்து, என்ன சேர் வாசிச்சீங்க, என்று கேட்டார்.

"உங்களப் பத்தி எழுதின முறைப்பாடு தம்பி."

"அப்ப நல்லம்" என்றார். "நல்ல கண்ணாடி."

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி பேசுவதுண்டு. எனக்குக் கருவி வந்த பிறகுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. நான் அவருக்கு இடப்பக்கம் நின்று பேசினால் அவர் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். மேசையில் தொலைபேசி அடித்தால் நான் சொல்லும்வரை எடுக்கமாட்டார். இரவில் காதுக்குள் ஒரு விசில் ஊதுகிறதா என்று கேட்டேன். கட்டாரில் இருக்கும்போதே தொடங்கியது, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார்.

அந்தக் கட்டருக்கு ஒரு கை தூரத்தில் நாள் முழுவதும் நின்றவர் அவர். பாதசாரிகளின் காது, பாடசாலைப் பிள்ளைகளின் காது, மீன்களின் காது என்று நான்கு பக்கம் கவலைப்பட்டு எழுதியிருந்தேன். இந்தக் காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது மட்டுமல்ல, என் வாய் கிடந்த கிடையால், வேலையில்லாத நேரத்திலும் அவர் அதை ஓட்டியிருக்கிறார். எத்தனை மணித்தியாலம் என்று கொப்பியில் என் கையாலேயே குறித்து வைத்திருந்தேன். அதைக் கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். கடையை விட்டுவிட்டு வர ஏலாது என்று மறுத்தவர், மிஸி அக்கா வந்து ஒரு பார்வை பார்த்தபின் கடைச் சாவியை எடுத்தார். இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நான் அன்று அவசரத்தில் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் கட்டார் கதைகள் சொன்னார், நான் கேட்டதுபோல் தலையாட்டினேன். நான் சொன்னதற்கு அவரும் அப்படித்தான். கனநேரம் கழித்து, வெள்ளை உடுப்புப் போட்ட தாதி ஒருவர் எங்களுக்கு நேரே வந்து குனிந்தார். எங்கள் இலக்கத்தை நாலு தரம் கூப்பிட்டுவிட்டாராம். வாங்கில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய இடது காது மோசம், வலது காது பரவாயில்லை, இனியாவது காதை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வரும் வழியில் கடையொன்றில் பெரிய மஞ்சள் நிறக் காதுக் கவசம் வாங்கினோம். பின்னேரம் வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து அப்படியே பாண்கார ஓட்டோவடிக்கு வருகிறார். கழற்றச் சொல்ல வாயெடுத்தாலும், முன்புபோலக் கத்திச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது; என் காதைத் தொட்டுக் கையால்தான் காட்டுகிறேன்.